மலையடி மேட்டுக்காணிக்கு அரச உதவி எடுப்பது எப்படி? படுவான்கரைச் சிறு விவசாயிக்கு ஒரு முழு வழிகாட்டி

புல்லுமலை, கோப்பாவெளி, தாந்தாமலை, குடும்பிமலை என்று மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரண்டு மூன்று ஏக்கர் மேட்டுக்காணி வைத்து, சோளனும் கச்சானும் (நிலக்கடலை) போட்டு, பள்ளத்தில் கொஞ்சம் நெல் வேளாண்மையும் செய்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். அம்பாறையில் பொத்துவில், திருக்கோவில் பக்கத்து மலையடி ஆட்களுக்கும் இது சரிவரும். அலுவலகத்தின் பெயர்ப்பலகைதான் மாறும், வேலை அதேதான்.

எங்கள் விவசாய அமைப்பில் சில வருடம் செயலாளராக இருந்து படிவம் நிரப்பிக் கொடுத்த ஆள் நான். புதிதாக வருகிறவர்கள் விழுகிற குழி எப்போதும் ஒன்றுதான். 'உதவி வருகுதாம்' என்று காதில் விழுந்த பிறகுதான் பேப்பர் தேடத் தொடங்குவார்கள். அந்தக் கதை ஊருக்கு வந்து சேரும் நேரத்தில் பட்டியல் ஏற்கெனவே கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போயிருக்கும். கீழே உள்ளதை அதே ஒழுங்கில் செய்யுங்கள். நாலாவதை முதலில் செய்தால் முதலாவதற்குத் திரும்பி வரவேண்டி இருக்கும், அதற்குள் ஒரு போகம் போய்விடும்.

1. காணி எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போகுமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து காணிப் பேப்பரை வெளியில் எடுங்கள். நீங்கள் எந்த உதவியைக் கேட்டாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'காணி ஆருடைய பேரில?' என்பதுதான். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாதவரை யாரும் உட்காரவைத்துப் பேசுவதில்லை.

மலையடிப் பக்கம் சொந்த உறுதி எழுதிய காணி குறைவு. கூடுதலானவர்களிடம் இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகம் கொடுத்த அனுமதிப்பத்திரம், அதாவது எல்லாரும் 'பேர்மிற்' என்று சொல்கிற பேப்பர். சிலருக்கு அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் இருக்கும். வருடாந்த அனுமதியில் செய்கிறவர்களும் உண்டு. அப்புறம் குத்தகைக்காரர். கடைசியில் பேப்பரே இல்லாமல் தகப்பன் காலத்தில் இருந்து காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்கிறவர்கள்.

பேர்மிற் உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டி இரண்டாவதற்குப் போங்கள்.

பேர்மிற் இறந்துபோன தகப்பனின் பெயரில் இருந்தால் அங்கேதான் பெரிய வேலை. அவர் பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவர், என்று யாரையாவது பதிந்துவிட்டுப் போனாரா என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். பதிந்திருந்தாலும் பதியாவிட்டாலும், இறந்தவரின் துணை உயிரோடு இருக்கும்வரை அவருக்குத்தான் அனுபவ உரிமை. துணை இல்லை என்றால் அல்லது அவருக்குப் பிறகு, பதிந்த ஆள் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும், யாரையும் பதியாமல் போயிருந்தால் சட்டம் சொல்கிற வரிசை. அந்த வரிசையில் ஆண்பிள்ளைதான் முன்னுக்கு என்று முன்பு இருந்தது, 2022இல் கொண்டுவந்த திருத்தத்தோடு அது மாறிவிட்டது. ஆகவே 'அக்கா பொம்பிளைப் பிள்ளை, அவவுக்கு வராது' என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

பெயர் மாற்றம் நாள் எடுக்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. மரணச் சான்றிதழ், பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் மூன்றையும் கொண்டுபோய், காணியைத் தற்போது செய்கிறவர் நீங்கள்தான் என்று கமநல சேவை நிலையத்தில் (காணிச் செய்கைப் பதிவு இருக்கிற அலுவலகம், மூன்றாவது பகுதியில் வருகிறது) பதியக் கேளுங்கள். சொந்தக்காரர் வேறு, செய்கைக்காரர் வேறு என்பது கமநலத்துக்குப் புதினம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமே செய்கைக்காரரைத் தனியாகக் கணக்கில் எடுக்கிறது. சகோதரங்களின் சம்மதக் கடிதத்தை மட்டும் சண்டை வருமுன் எடுத்துவிடுங்கள்.

குத்தகைக்காரருக்கும் இதே கதைதான். வாய்ப்பேச்சுக் குத்தகையில் மானியம் காணிக்காரரின் கணக்குக்குப் போகும், உரக் காசு உங்கள் பொக்கற்றில் இருந்து போகும். ஒரு போகத்துக்குத்தானே என்று பாராமல் சாதாரணத் தாளிலாவது எழுதி, இருவரும் கையெழுத்து வைத்து, கமநலத்தில் காட்டிப் பதியுங்கள். காணிக்காரப் போடியார் முகம் சுளிப்பார்தான். மானியம் காணிக்கு வருவது இல்லை, பயிர் செய்கிற ஆளுக்கு வருவது என்று அவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

பேப்பர் இல்லாத சேனைக்காரர் கொஞ்சம் கவனம். அந்த நிலம் வன இலாகாவின் எல்லைக்கல்லுக்கு உள்ளே இருக்கிறதா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லையிலா, அல்லது சாதாரண அரச காணியா என்பதைக் காணிப் பிரிவில் கேட்டு அறியாமல் கிணறு, வேலி, தென்னங்கன்று என்று காசைப் போடாதீர்கள். அரச காணி என்றால் விண்ணப்பிக்க வழி இருக்கிறது, காணி கொடுக்க ஆட்களைத் தெரிவுசெய்யும் காணிக் கச்சேரி வைக்கும்போது பெயர் கொடுக்கலாம். கல்லுக்கு உள்ளே என்றால் எந்த மானியமும் அங்கே இறங்காது, உங்கள் மேல் வழக்குத்தான் இறங்கும். 'காசு தந்தால் பேர்மிற் எடுத்துத் தருகிறேன்' என்று மோட்டார் சைக்கிளில் வருகிற ஆட்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

2. ஒரு பைல், ஒரே பெயர்

ஒரு பிளாஸ்ரிக் பைலை வாங்கி இவற்றை அதற்குள் போடுங்கள்: அடையாள அட்டைப் பிரதி, காணிப் பேப்பர் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, கிராம சேவகர் தந்த வதிவிட உறுதிப்படுத்தல், விவசாய அமைப்பின் அங்கத்துவப் பற்றுச்சீட்டு, கடைசியாகக் கட்டிய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு. ஒவ்வொன்றிலும் நாலு பிரதி. செங்கலடிக்குப் போய்ப் போட்டோக்கொப்பி அடிக்க பஸ் காசு கொடுக்கும்போதுதான் நாலு பிரதியின் அருமை தெரியும்.

இனி முக்கியமான விஷயம். எல்லாப் பேப்பரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இரண்டு போகம் காசு வரவே இல்லை. பதிவில் பெயர் இருக்கிறது, ஏக்கர் சரி, கையெழுத்துச் சரி. கடைசியில் பார்த்தால் அடையாள அட்டையில் யோகராசா, வங்கிப் புத்தகத்தில் யோகராஜா. தமிழில் நாம் இரண்டையும் ஒன்றாகத்தான் வாசிப்போம், ஆனால் வங்கி பார்ப்பது ஆங்கில எழுத்தை. ஒன்றில் எஸ், மற்றதில் ஜே. காசு போய், திரும்பி, போய், திரும்பி வந்திருக்கிறது. யாரும் அவருக்கு அறிவிக்கவும் இல்லை.

பெயரில் சின்ன வித்தியாசம் என்றால் வங்கியில் அடையாள அட்டையைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள், அதுதான் சுகம். பேர்மிற்றில் பிழை என்றால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் சத்தியக் கடதாசியும் தேவைப்படும்.

கணக்கு உங்கள் தனிப்பெயரில் இருக்க வேண்டும். மகளோடு சேர்த்துத் திறந்த கூட்டுக் கணக்கு, பிள்ளையின் சேமிப்புக் கணக்கு எல்லாம் பிறகு தலையிடி. கனகாலம் போடாமல் எடுக்காமல் கிடந்த கணக்கு செயலிழந்திருக்கும், நூறு ரூபாயாவது போட்டு எடுத்து உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். மகன் கட்டாருக்குப் போகும்போது கொண்டுபோன சிம்மின் இலக்கத்தைப் படிவத்தில் கொடுத்துவைத்திருக்கிற தகப்பன்மார் எத்தனை பேர்!

3. எந்த அலுவலகம் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் 'விவசாயக் கந்தோர்' என்று ஒன்றாகச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் குறைந்தது நாலு தனித்தனி இடங்கள், ஒன்றின் பதிவு மற்றதில் தெரியாது.

கமநல சேவை நிலையம் மத்திய அரசின் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருவது. காணிப் பதிவு, விவசாய அமைப்பு, உர மானியம், சின்னக் குளம், வாய்க்கால் எல்லாம் அங்கே. அங்கே நீங்கள் பழகவேண்டிய ஆள் உங்கள் பிரிவின் ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர், எல்லாரும் ஏ.ஆர்.பி.ஏ. என்று சொல்லுவது அவரைத்தான். வயலுக்கு வந்து ஏக்கரை எழுதிப்போவது அவர். அவர் எழுதாதது மேலே உள்ள எந்த அதிகாரியின் மேசைக்கும் போகாது.

விவசாயப் போதனாசிரியர் விவசாயத் திணைக்களத்து ஆள். விதை, பயிற்சி, தூவல் நீர்ப்பாசனம், மாதிரித் துண்டு, பாதிச் செலவு மானியங்கள் அவர் வழியாக வரும். ஆடு மாடு என்றால் அரச மிருக வைத்தியர். காணி என்றால் பிரதேச செயலகம்: புல்லுமலை, கோப்பாவெளி ஆட்களுக்குச் செங்கலடியில் இருக்கிற ஏறாவூர்ப்பற்று, குடும்பிமலைக்குக் கிரான், தாந்தாமலைக்குப் பட்டிப்பளை.

இது தவிர மரமுந்திரிகைக்கு அதற்குரிய கூட்டுத்தாபனம், தென்னைக்குத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை. மேட்டுக்காணி வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் இந்த இரண்டையும் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆனால் கல்லும் மணலுமான சரிவில் முந்திரி நிற்கிற மாதிரி வேறு எது நிற்கும்?

4. ஆவணி, புரட்டாதியிலேயே பதிவை முடியுங்கள்

பெரும்போகம் ஐப்பசி மழையோடு தொடங்குகிறது. மேட்டுப் பயிருக்கு அது ஒன்றுதான் போகம் என்றே சொல்லலாம், சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எட்டாத காணி காய்ந்துதான் கிடக்கும். ஆகவே உங்களுடைய பதிவு வேலை எல்லாம் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

செய்யவேண்டியது மூன்று. முதலாவது, உங்கள் பகுதி விவசாய அமைப்பில் அங்கத்தவராகி சந்தாவைக் கட்டுவது. இரண்டாவது, கமநல நிலையத்தின் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயரும் ஏக்கரும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது, 'இருக்குது' என்று வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். மூன்றாவது, ஏக்கர் வரியைக் கட்டிப் பற்றுச்சீட்டு எடுப்பது. அது சின்னத் தொகைதான், ஆனால் அந்தத் துண்டுதான் நீங்கள் இந்தக் காணியைத் தொடர்ந்து செய்கிறவர் என்பதற்கு வருடா வருடம் சேருகிற சாட்சி.

இங்கே பலர் விடுகிற பிழை, பள்ளத்து வயலை மட்டும் பதிந்துவிட்டு மேட்டை விட்டுவிடுவது. 'மேட்டுக்கு என்ன உரமா தரப்போறாங்கள்' என்று கேட்பார்கள். உரம் வராமல் போகலாம், ஆனால் சோளனை யானை தின்ற பிறகு அந்த மூன்று ஏக்கரும் எந்த இடாப்பிலும் இல்லை என்றால் நட்டஈடு கேட்க வாயே இல்லை.

ஏக்கரைக் கூட்டியும் எழுதாதீர்கள். இரண்டரையை நாலு என்று எழுதினால் நாலுக்குக் காசு வரும் என்று நினைப்பது, பிறகு ஜி.பி.எஸ். கருவியோடு ஆள் வந்து அளக்கும்போது முழுப் பெயரும் வெட்டுப்படுவது, இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

5. ஆரம்பக் கூட்டத்துக்குப் போங்கள், பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை

ஒவ்வொரு போகத்துக்கும் முன் குளத்தை அல்லது கண்டத்தை (வயல் தொகுதியை) வைத்து ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைப்பு எப்போது தொடங்கி எப்போது முடியவேண்டும், மாடுகளை எந்தத் திகதிக்குள் வயல் பக்கத்தில் இருந்து அகற்றவேண்டும், தண்ணீர் எப்போது திறப்பது, காப்புறுதிக்குக் கடைசி நாள் எது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானிக்கப்படும்.

மேட்டுக்காரர் 'எங்களுக்கு என்ன தண்ணியா தாறாங்க' என்று போகாமல் விடுவார்கள். மூன்று காரணத்துக்காகப் போங்கள். விதைப்புக் கடைசித் திகதிக்குப் பிறகு விதைத்த பயிர் அழிந்தால் காப்புறுதிக்காரர் அந்தத் திகதியைத் தூக்கிக் காட்டுவார். மாடு அகற்றும் திகதி அறிக்கையில் இருந்தால்தான் உங்கள் சோளனுக்குள் மாட்டுப் பட்டி இறங்கும்போது நீங்கள் முறையிட முடியும். மூன்றாவது, ஏ.ஆர்.பி.ஏ.யும் போதனாசிரியரும் மிருக வைத்தியரும் ஒரே மண்டபத்தில் இருக்கிற நாள் வருடத்தில் இரண்டுதான். நாலு பஸ் பயணத்தை ஒரு தேநீரோடு முடிக்கலாம்.

6. உர மானியம்: யாருக்கு, எவ்வளவு

இதில்தான் கூடுதலான ஏமாற்றம், ஏனென்றால் மேட்டுக்காரர் எல்லாரும் தங்களுக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள்.

2024/25 பெரும்போகத்தில் நெல்லுக்கான உர மானியம் ஹெக்டேருக்கு 15,000 ரூபாயில் இருந்து 25,000 ஆக உயர்த்தப்பட்டது, ஒருவருக்கு ஆகக் கூடியது 2 ஹெக்டேர். எங்கள் கணக்கில் சொன்னால் ஏக்கருக்குப் பத்தாயிரத்துச் சொச்சம், ஐந்து ஏக்கர் வரைக்கும். காசு நேரே வங்கிக் கணக்குக்கு வரும், சில வேளை இரண்டு தவணையாக.

உங்களிடம் ஒரு ஏக்கர் பள்ள வயலும் இரண்டு ஏக்கர் சோளனும் இருந்தால் இந்தக் கணக்கில் நெல் ஏக்கர் ஒன்றை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். நெல் அல்லாத மறுபயிருக்கு அறிவிக்கிற உதவிகள் தனி அறிவித்தலில் வரும், போகத்துக்குப் போகம் மாறும். அதை ஆரம்பக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். காசு விதைப்புக்கு முன்பே வரும் என்று நம்பிக் கடைக்காரரிடம் நாள் சொல்லாதீர்கள். பயிர் நிலத்தில் இருக்கிறது என்று உறுதிசெய்த பட்டியல் மேலே போன பிறகுதான் காசு இறங்கும், அதற்குள் முதல் உரம் போடுகிற நாள் கடந்திருக்கும். மானியத்தை இரண்டாம் உரத்துக்கான காசு என்று மனதில் எழுதிக்கொண்டால் நிம்மதி.

7. பயிர்க் காப்புறுதி: மேட்டுக்காரருக்கு உண்மையில் பயன்படுவது

என்னைக் கேட்டால் உர மானியத்தை விட இதற்குத்தான் மலையடி ஆட்கள் பாடுபட வேண்டும். கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை நடத்துகிற இலவசத் திட்டத்தில் ஆறு பயிர்கள் இருக்கின்றன: நெல், சோளம், சோயா, மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு. வெள்ளம், வறட்சி, காட்டு யானை என்ற மூன்றாலும் வருகிற அழிவுக்கு நட்டஈடு. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது அறிவிக்கப்பட்ட ஆகக் கூடிய தொகை ஏக்கருக்கு 40,000 ரூபாய்.

பட்டியலைத் திரும்பப் பாருங்கள். சோளனும் மிளகாயும் இருக்கிறது, கச்சான் இல்லை. கௌப்பி இல்லை, பயறு இல்லை, மரவள்ளி இல்லை. மேட்டை முழுக்கக் கச்சானுக்கு விடுகிறவர், காசு கட்டி எடுக்கிற காப்புறுதி பற்றி அதே சபையில் விசாரிக்க வேண்டும். கச்சானைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, யானை வருகிற பக்கத்து ஓரத்தில் எதை வைப்பது என்று யோசிக்கும்போது இந்தப் பட்டியலும் மனதில் இருக்கட்டும்.

அழிவு நடந்தால் செய்கிற ஒழுங்கு இது.

விடிந்த உடனே படம் எடுங்கள். தூரத்தில் நின்று மலையோ மரமோ வீடோ தெரிய ஒரு படம், கிட்ட நின்று முறிந்த பயிரும் யானைக் காலடியும் தெரிய ஒரு படம். தனியே முறிந்த சோளனின் படம் எந்தக் காணி என்று சொல்லாது.

அன்றைக்கே அமைப்பின் தலைவருக்கும் ஏ.ஆர்.பி.ஏ.க்கும் சொல்லுங்கள், வாயால் சொன்னதோடு நிற்காமல் கடிதமாகவும் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒரு கிழமை கழித்துச் சொன்னால் 'இது யானையா, மாடா' என்ற கேள்வி வரும், அப்போது காலடி மழையில் கரைந்திருக்கும்.

பரிசோதிக்கிறவர் வந்து பார்க்கும்வரை காணியை உழாதீர்கள், எரிக்காதீர்கள், மிச்சத்தை மாட்டுக்குப் போடாதீர்கள். இதுதான் கண்ணீர் வருகிற பிழை. அழிந்துபோன பயிரைப் பார்க்க மனம் பொறுக்காமல் அடுத்த நாளே டிரக்டர் பிடித்துப் புரட்டிவிட்டு, பிறகு வந்தவருக்கு வெறும் மண்ணைக் காட்டினவர்கள் இருக்கிறார்கள். திரும்ப விதைக்க அவசரம் என்றால் ஒரு மூலையையாவது அப்படியே விட்டு, மிச்சத்தைப் படத்தோடும் அமைப்பின் கடிதத்தோடும் ஏ.ஆர்.பி.ஏ.க்கு அறிவித்துவிட்டு உழுங்கள்.

முழுத் தொகை எல்லாருக்கும் வராது. எவ்வளவு பங்கு அழிந்தது, பயிர் எந்தப் பருவத்தில் நின்றது என்று பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். விதைத்து இரண்டு கிழமைப் பயிருக்கும் பொத்தி முற்றின பயிருக்கும் ஒரே காசு கேட்டு நிற்பதில் பயன் இல்லை. விதை, கூலி, உழவுச் செலவுப் பற்றுச்சீட்டுகளைப் பைலில் வைத்திருந்தால் பேசும்போது கை கொடுக்கும்.

8. பாதிச் செலவு மானியங்கள்: கிணறு, பம்பி, தூவல்

நீர்ப்பம்பி, தூவல் நீர்ப்பாசனத் தொகுதி, விவசாயக் கிணறு, பழக்கன்று, விதை என்று பல பெயரில் வரும். கூடுதலாக ஒரு பங்கு அரசு, மறு பங்கு நீங்கள். இதற்கு நிரந்தரத் திட்டம் ஒன்று இருக்கிறது என்று நினைத்துத் தேடாதீர்கள். இந்த வருடம் மாகாண நிதி, அடுத்த வருடம் ஏதாவது வெளிநாட்டு உதவித் திட்டம், அதற்கடுத்த வருடம் ஒன்றும் இல்லை. பெயரைத் துரத்தாமல் போதனாசிரியரின் கொப்பியில் உங்கள் தேவையை எழுதிவைப்பதுதான் வழி.

அரசின் நிதியாண்டு சனவரியில் இருந்து டிசம்பர் வரை. பயனாளிப் பட்டியல் வருடத் தொடக்கத்தில் எழுதப்படும், சாமான் வருடக் கடைசியில் வரும். சோளன் முறிக்கிற சனவரி, பெப்ரவரியில் நீங்கள் காணிக்குள் குந்திக்கொண்டு இருக்கும்போதுதான் பட்டியல் போகிறது. அந்தக் கிழமையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கேட்கும்போது 'ஏதாவது தாங்க' என்று கேட்கக் கூடாது. 'முக்கால் ஏக்கர் மிளகாய், கிணறு இருக்கு, ஆவணியில எட்டு அடி தண்ணி நிற்கும், தூவல் வேணும்' என்று சொன்னால் அவர் எழுதுவார், ஏனென்றால் பிறகு அவர் மேலே பதில் சொல்லவேண்டிய கேள்விகள் அவைதான்.

உங்கள் பங்குக் காசை முதலிலேயே தனியாக வையுங்கள். பெயர் வந்த பிறகு பங்கு கட்ட முடியாமல் விட்டவரின் இடம் அடுத்தவருக்குப் போவது மட்டும் இல்லை, அடுத்த வருடம் அந்தப் பெயரை எழுதவும் யோசிப்பார்கள்.

கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மலையடியில் கொஞ்சம் கீழே போனால் கருங்கல். மாரி முடிந்த கையோடு கிணறு வெட்டி, பத்தடியில் தண்ணீர் கண்டு சந்தோசப்பட்டுக் கட்டி முடித்தவர்களின் கிணறு ஆடியில் வற்றிக் கிடக்கிறது. ஆவணி, புரட்டாதியில், தரை ஆகக் காய்ந்த நேரத்தில் வெட்டுங்கள். அப்போது காண்கிற தண்ணீர்தான் நம்பலாம். மானியத் தவணை மாரியில் வந்து 'உடனே வெட்டு' என்று நெருக்கினால், முன்பே பக்கத்துக் காணிக் கிணறுகளின் கோடைகால மட்டத்தை விசாரித்து வைத்திருப்பது உதவும்.

9. யானை வேலி

தனி ஆளாக விண்ணப்பித்தால் கிடைக்காது. இருபது முப்பது காணி சேர்ந்து, விவசாய அமைப்பின் கடிதத் தலைப்பில், ஒரு கையால் வரைந்த வரைபடத்தோடு பிரதேச செயலகத்துக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் கொடுங்கள். யார் பராமரிப்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வேலி போட்டு ஆறு மாதத்தில் செடி ஏறிக் கம்பி செத்துப்போன இடங்கள் நிறைய இருப்பதால் அவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் இழுக்கிற வேலை வேண்டாம். அது குற்றம். யானைக்கு வைத்ததில் மனிசர் செத்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

வீடு உடைந்தால், ஆளுக்குக் காயம் அல்லது உயிரிழப்பு என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் நட்டஈடு கேட்கிறது. பயிர் என்றால் ஏழாவது பகுதியில் சொன்ன காப்புறுதி. இரண்டையும் மாற்றிக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

10. ஆடு, மாடு

சுருக்கமாகச் சொல்லுகிறேன். மிருக வைத்தியர் அலுவலகத்தில் பண்ணையைப் பதிந்து, காதுப்பட்டி போட்டுக்கொள்ளுங்கள். பதிவில் இல்லாத மாடு வெள்ளத்தில் போனாலும் அம்மையில் போனாலும் கணக்கில் வராது. ஊசி போட வருகிற நாளில் பட்டியை அடைத்து வைத்திருங்கள். அவர் வந்து ஏமாந்து திரும்பினால் அடுத்த முறை உங்கள் ஊர் பட்டியலில் கடைசிதான்.

11. கடன் எடுப்பதாக இருந்தால்

அரசு வட்டியைக் குறைத்து வங்கிகள் வழியாகக் கொடுக்கிற பயிர்க்கடன் உண்டு. இது மானியம் இல்லை, கட்டவேண்டிய காசு. இதற்கும் கமநலத்தின் செய்கை உறுதிப்படுத்தல் தேவை, ஆகவே நாலாவது பகுதியை முடிக்காமல் வங்கிக்குப் போகாதீர்கள். முந்தி எடுத்த நுண்கடன் நிலுவையில் இருந்தால் வங்கி பார்க்கிற கடன் அறிக்கையில் அது தெரியவரும், மறைத்துப் பயன் இல்லை. முன்பே சொல்லிவிட்டால் சில முகாமையாளர்கள் வழி சொல்லுவார்கள்.

12. கொடுத்த பிறகு பின்னால் போவது

எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்கி பைலில் போடுங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமன். படிவம் தமிழில் தரச்சொல்லிக் கேளுங்கள், விளங்காத மொழியில் கையெழுத்து வைக்க வேண்டாம். அம்பாறைக் கச்சேரிப் பக்கம் போகிறவர்கள் இதை இரண்டு தடவை வாசிக்கவும்.

ஒரு பழைய சி.ஆர். கொப்பியில் திகதி, போன இடம், பார்த்த ஆளின் பதவி, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். 'போன மாசம் வந்தனான்' என்கிறவரை விட 'மார்ச் 11, செவ்வாய், நீங்கள் ஏப்ரலில் வரச்சொன்னீங்கள்' என்கிறவருக்குப் பதில் சுறுக்காகக் கிடைக்கும்.

அப்படியும் பதில் இல்லை என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அவர் அறிவிக்க வேண்டும். 'ஏன் எனக்குத் தரவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்கு நாலு வரி மழுப்பல்தான் வரும். 'இந்தப் போகத்துக்கு இந்தப் பிரிவில் தெரிவான பயனாளிகளின் பட்டியலும், தெரிவுக்குப் பயன்படுத்திய நிபந்தனைகளும்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். பல முறை விண்ணப்பம் கொடுத்த கிழமையிலேயே தொலைபேசி வரும், 'ஐயா, உங்கட பைல் கிடைச்சிட்டு, ஒருக்கா வந்திட்டுப் போங்க' என்று.

பயிர்நோய், பூச்சி, விதை பற்றிய சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். புல்லுமலைப் பக்கம் சிக்னல் பிடிக்காவிட்டால் கரடியனாறு வரும்வரை பொறுத்து, பஸ்ஸில் இருந்து இறங்கி நின்று எடுங்கள்.